முதலில் தண்ணீர் ஓடட்டும்

கேள்வி: கோவையில் மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். ஒரு சிறிய பம்பு கம்பெனிக்கு, மோனோபிளாக் பம்புகளை (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பவை) சோதிக்கும் டெஸ்ட் பெஞ்ச் செய்து கொடுப்பது எங்கள் ப்ராஜெக்ட். ஆறு பேர், நான்தான் லீடர். ஃபிரேம் வெல்டிங் முடிந்தது. ஃப்ளோ மீட்டர் இன்னும் வரவில்லை. பிஎல்சி (பெஞ்சை இயக்கும் கன்ட்ரோலர்) புரோகிராம் பார்ப்பவனும் பைப் வேலை பார்ப்பவனும் பேசிக்கொள்வதே இல்லை. முதலாளி வரும்போதெல்லாம், “இதையும் சேர்த்துடுங்க தம்பி” என்கிறார். அடுத்த மாதம் ரிவ்யூ. நண்பர்களிடம் எப்படி வேலை வாங்குவது?
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: உங்கள் டீமில் யாரும் சோம்பேறி இல்லை. ஃபிரேம் நிற்கிறது, புரோகிராமும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் சேரும் இடத்துக்குத்தான் ஆள் இல்லை. அந்த இடம் லீடருடையது.

அந்த இருவரின் சண்டை எதில் தொடங்கியது என்று விசாரித்துப் பாருங்கள். அநேகமாக இப்படி ஏதாவது இருக்கும்: பைப் நண்பர் கடையில் கிடைத்த 0–16 கிலோ பிரஷர் டிரான்ஸ்மிட்டரை, அதாவது அழுத்தத்தை மின் சிக்னலாக மாற்றும் கருவியை, வாங்கி மாட்டியிருப்பார். புரோகிராம் நண்பர் 0–10 என்று நினைத்து எழுதியிருப்பார். நிஜத்தில் 4 கிலோ அழுத்தம் இருந்தால், 4–20 மில்லியாம்ப் சிக்னலில் 8 மில்லியாம்ப் வரும். ஸ்கிரீன் அதை 2.5 கிலோ என்று காட்டும். ஒரு கிலோ அழுத்தம் சுமார் 10 மீட்டர் ஹெட் (தண்ணீரை ஏற்றும் உயரம்) என்பதால், 40 மீட்டர் ஹெட் கொடுக்கும் பம்பை 25 மீட்டர் என்று சொல்லி, நல்ல பம்பையே ஓரம் கட்டிவிடும். இருவர் வேலையும் தனித்தனியாகச் சரி. ஆனால் அந்த ‘16’ எந்தக் காகிதத்திலும் இல்லை.

அதனால் இன்றைக்கே ஒரு சார்ட் பேப்பர் எடுத்து பெஞ்சுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வரி: ரேஞ்ச், சிக்னல், எந்த டெர்மினல், எந்தப் பைப், யார் பொறுப்பு. மாற்றுகிறவர் அதே இடத்தில் பேனாவால் திருத்திக் கையெழுத்துப் போட வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் சொன்னது கணக்கில் சேராது. ஃப்ளோ மீட்டருக்கான வரியில், அதற்கு முன்னால் எவ்வளவு நேர் பைப் வேண்டும் என்பதையும் எழுதுங்கள். மேக்னடிக் மீட்டர் என்றால் பொதுவாகப் பைப் விட்டத்தைப் போல் ஐந்து மடங்கு கேட்பார்கள், 50 மி.மீ. பைப்புக்கு கால் மீட்டர். உங்கள் மீட்டரின் மேனுவலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பக்கத்திலேயே எல்போ (பைப் வளைவு) வைத்துவிட்டு, ரீடிங் ஆடுகிறது என்று புரோகிராமைத் திட்டுவது நிறைய இடங்களில் நடக்கிறது.

அடுத்தது, மீட்டருக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் கல்லூரி ஹைட்ராலிக்ஸ் லேபில் செய்வதுபோல் ஒரு அளவுத் தொட்டியும் ஸ்டாப்வாட்சும் போதும். 60 விநாடியில் 300 லிட்டர் நிரம்பினால் விநாடிக்கு 5 லிட்டர். மொத்த ஹெட் 20 மீட்டர் என்றால் தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்த சக்தி 9.81 × 5 × 20, அதாவது 981 வாட். மோட்டார் 1,900 வாட் இழுத்திருந்தால் மொத்தத் திறன் சுமார் 52 சதவீதம். ஹெட் கணக்கிடும்போது சக்‌ஷன் கேஜ் வேக்குவம் காட்டினால் அதைக் கூட்ட வேண்டும், கழிக்கக் கூடாது. இரண்டு கேஜுக்கும் உள்ள உயர வித்தியாசத்தையும் விட்டுவிடாதீர்கள். ரிவ்யூவில் இந்த ஒரு பக்கக் கணக்கை வையுங்கள். கமிட்டிக்குக் கலர் ஸ்கிரீன் பிடிக்கும்தான். ஆனால் எதை வைத்து அதைச் சரிபார்த்தீர்கள் என்று ஒருவர் கேட்டாலும் மாட்டிக்கொள்வீர்கள். மீட்டர் வந்ததும் அதே தொட்டியை வைத்து அதையும் சோதிக்கலாம்.

முதலாளியிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பெஞ்ச் தினசரி ஷாப் செக்குக்கா, ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கான சோதனைக்கா? இரண்டாவது என்றால் மோனோசெட் (உங்கள் மோனோபிளாக் வகை) பம்புகளுக்கான ஐ.எஸ். 9079-ஐயும் சோதனை முறைக்கான ஐ.எஸ். 11346-ஐயும் உட்கார்ந்து படித்தாக வேண்டும். கருவிகளுக்குக் காலிப்ரேஷன் சான்றிதழும் வேண்டும். பட்ஜெட்டே வேறு. அவர் சொன்னதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த முறை அவர் ஆரம்பித்தால், “சேர்த்துடலாங்க, இதுல எதை எடுத்துடட்டுங்க?” என்று அந்தத் தாளை நீட்டுங்கள். வியாபாரிக்கு இந்தப் பேச்சு உடனே புரியும்.

சில விஷயங்களில் டீமின் கருத்தைக் கேட்காதீர்கள், உத்தரவு போடுங்கள். எமர்ஜென்சி ஸ்டாப் நேராக மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும் கான்டாக்டரை வெட்ட வேண்டும். பிஎல்சி புரோகிராமை நம்பி விடக் கூடாது. தண்ணீரும் த்ரீ ஃபேஸும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் எர்த்திங்கையும், கரன்ட் கசிந்தால் சப்ளையை வெட்டும் இ.எல்.சி.பி.யையும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் பார்த்துச் சரி என்ற பிறகுதான் சுவிட்ச். பிரைமிங் செய்யாமல், அதாவது பம்பில் முதலில் தண்ணீர் நிரப்பாமல், ஓட்டினால் சீல் கருகும். டெலிவரி வால்வை மூடிவைத்து ரொம்ப நேரம் ஓட்டினால் கேசிங்கில் இருக்கும் தண்ணீர் கொதிக்கும்.

பேசாத இருவரையும் சமாதானக் கூட்டம் போட்டுச் சேர்த்துவைக்க முயலாதீர்கள். லூப் செக் வேலையை, அதாவது கருவி அனுப்புவதும் ஸ்கிரீன் காட்டுவதும் ஒன்றுதானா என்று பார்ப்பதை, அவர்கள் இருவரிடமே கொடுங்கள். ஒருவர் டிரான்ஸ்மிட்டர் பக்கத்தில் நின்று அழுத்தம் ஏற்ற, இன்னொருவர் ஸ்கிரீனைப் பார்த்து எண்ணைச் சொல்லியே ஆக வேண்டும். ஃப்ளோ மீட்டர் சப்ளையருக்கு நாளைக் காலையே போன் போடுங்கள். “சீக்கிரம் வரும்” என்பதை ஏற்காமல் டெஸ்பாட்ச் தேதியை வாங்கி, அதையும் சார்ட்டில் எழுதுங்கள்.