ஊருக்கு ஆறுதல் சொல்பவரின் களைப்பு

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு, வணக்கம்.

சமூகப்பணியில் முதுகலை முடித்து, டெல்டா மாவட்டம் ஒன்றில் தாலுகா மருத்துவமனைகளுக்கு முறைவைத்துச் செல்லும் மனநல ஆலோசகராக, ஒப்பந்த அடிப்படையில் பணிபுரிகிறேன். தண்ணீர் வராமல் குறுவை கருகிய குடும்பம், அறுவடை நேரத்து மழையில் சம்பா சாய்ந்து முளைவிட்டுப்போன குடும்பம், குழுக் கடனுக்கும் கந்துவட்டிக்கும் நடுவே திணறும் பெண்கள், 2018 கஜா புயலில் தென்னந்தோப்பை இழந்து இன்னும் மீளாத பெரியவர்கள் என எல்லோருடைய சுமையும் என் மேசைக்கு வருகிறது.

சில காலமாக நான் மாறிவிட்டேன். எதிரில் ஒருவர் அழும்போது, வெளியே இன்னும் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்றே மனம் கணக்குப் போடுகிறது. பள்ளியில் நடந்ததைச் சொல்லவரும் என் மகள்மீது எரிந்து விழுகிறேன். கடந்த தை மாதம், நான் தொடர்ந்து பார்த்துவந்த விவசாயி ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். மறுநாளும் வழக்கம்போல் பணிக்குப் போனேன். அலுவலகத்தில் என்னிடம் கேட்கப்பட்டது அவருடைய பதிவு எண் மட்டுமே. அதன்பின் இரவில் கைபேசி ஒலித்தாலே கை நடுங்குகிறது. சில காலைகளில், கண்விழிக்காமலே போயிருந்தால் தேவலை என்று தோன்றும். வேலை தொடங்கிவிட்டால் மறந்துவிடும். வீட்டில் சொன்னால், “ஊருக்கே ஆறுதல் சொல்கிறவள், உனக்கென்ன?” என்கிறார்கள். மருத்துவரிடம் போகலாமென்றால் இந்தப் பக்கத்து மனநல மருத்துவர்கள் அனைவரும் எனக்கு அறிமுகமானவர்கள். நான் இந்தப் பணிக்குத் தகுதியற்றவளா? விட்டு விலகிவிடலாமா?

– டெல்டா வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

கண்விழிக்காமலே போயிருந்தால் தேவலை என்று எழுதிய கையோடு, மறந்துவிடும் என்றும் எழுதிக் கடந்துவிட்டீர்கள். உங்கள் எதிரில் அமர்ந்தவர் இதைச் சொல்லியிருந்தால் நீங்கள் அப்படிக் கடந்திருக்க மாட்டீர்கள். எவ்வளவு நாளாக, எவ்வளவு அடிக்கடி, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணமாக அது எப்போதாவது மாறியதா என்று நேராகக் கேட்டிருப்பீர்கள். அதே கேள்விகளை நான் உங்களிடம் கேட்கிறேன். இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அறிமுகமானவர்கள் வேண்டாமென்றால், சென்னையிலோ மதுரையிலோ உள்ள ஒருவரிடம் காணொளி வழியாக ஆலோசனை பெறலாம். தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் 2020 முதல் நடைமுறையில் இருக்கின்றன. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் ரகசியத்தையும் காக்கிறது. அந்த எண்ணம் வலுத்தால் நேரம் பார்க்காமல் அரசின் மனநலத் தொலைபேசி உதவி சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழையுங்கள். வீட்டாரிடம் களைப்பு என்று சொல்லாமல், எனக்கு எழுதிய அந்த வார்த்தைகளையே சொல்லுங்கள். அவர்கள் காதில் இதுவரை விழுந்தது வெறும் அலுப்பாக இருந்திருக்கலாம்.

இனி, தகுதி பற்றி. உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் பணிச்சோர்வில் மூன்று கூறுகளைக் காட்டினார்: உணர்ச்சி வற்றிப்போதல், எதிரில் இருப்பவரிடம் ஒட்டாமல் போதல், தன்னால் எந்தப் பயனும் இல்லை என்ற எண்ணம். மூன்றும் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் தன் பதினோராவது நோய் வகைப்பாட்டில் இதை நோய் என்று சொல்லாமல், சரிவரக் கையாளப்படாத நாட்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே குறிக்கிறது. ஆகவே இதைத் தகுதிக் குறைவாக நான் பார்க்கவில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் பணிச்சோர்வின் கணக்கில் எழுதிவிடவும் எனக்கு மனமில்லை. கைபேசி ஒலிக்கு நடுங்கும் கை, அந்த மரணம் விட்டுச்சென்ற அதிர்ச்சியாக இருக்கலாம். காலை நேரத்து எண்ணம் மனச்சோர்வு நோயின் அறிகுறியாக இருக்கலாம். பணிச்சோர்வு மட்டும் என்றால் ஓய்வும் வேலைக்குறைப்பும் பெரும்பாலும் உதவும். மனச்சோர்வு நோய்க்குச் சிகிச்சை வேண்டும்.

அந்த விவசாயிக்காக நீங்கள் இன்னும் துக்கம் காக்கவில்லை. துக்கம் கேட்க வருபவர்கள்கூட ஆலோசகரிடம் வருவதில்லை. இறந்தவர் நமக்கு உறவுமில்லை, வெறும் அறிமுகமுமில்லை. அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரையும் செவிலியரையும் சேர்த்து அமர்ந்து, யார் தவறு என்று தேடாமல், என்ன நடந்தது என்று பேசும் ஒரு கூட்டத்தைக் கேட்டுப் பெறுங்கள். மாதத்தில் சில மணி நேரம் அவருடன் இருந்தவர் நீங்கள். கடனும் விளைச்சலும் மிச்ச நேரம் முழுவதும் அவருடன் இருந்தன.

நம் ஊர்களில் மாதாந்திரக் கூட்டங்களில் எண்ணிக்கை கேட்கப்படுகிறதே தவிர, கேட்டுக் கேட்டுக் கனத்துப்போனவரின் மனம் கேட்கப்படுவதில்லை. ஒருநாள் பயிலரங்கில் மூச்சுப்பயிற்சி கற்பித்து அனுப்பும் வழக்கத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கையில்லை. பயிற்சி நல்லதுதான், வெளியே காத்திருக்கும் வரிசையை அது குறைப்பதில்லை. 2015-16ஆம் ஆண்டு தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, குறைபாட்டின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை எட்டவில்லை. அந்தப் பள்ளத்தை உங்கள் உறக்கத்தைக் கொட்டி நிரப்ப முடியாது. ஒரு நாளைக்குப் புதிதாக எத்தனை பேரைப் பார்க்க இயலும் என்பதை மேலதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள். சொந்தக் கைபேசி எண்ணைத் தருவதை நிறுத்தி, இரவு நேர உதவிக்கு 14416ஐ எழுதிக்கொடுங்கள். பக்கத்து மாவட்ட ஆலோசகர்கள் நான்கைந்து பேரைச் சேர்த்து, மாதம் ஒருமுறை தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ, பயனாளிகளின் பெயர் சொல்லாமல் மனம்விட்டுப் பேசுங்கள். அனுபவமுள்ள மூத்தவர் ஒருவர் உடனிருந்தால் இன்னும் நல்லது.

விலகுவதை இப்போது முடிவு செய்ய வேண்டாம். மருத்துவரின் சான்றோடு விடுப்பு எடுங்கள். சம்பளம் பிடிபடும் என்றாலும் எடுங்கள். சிகிச்சை தொடங்கி உறக்கம் சீரான பிறகும் விலகத் தோன்றினால், குற்ற உணர்வின்றி விலகலாம். மருத்துவரைப் பார்த்ததும் எனக்கு எழுதுங்கள்.