அதிர்ஷ்டம், துன்பம், ரோமானியர்: கேள்வி பதில்

சார், "துணிந்தவருக்கே அதிர்ஷ்டம் துணை" என்பது ரோமானியப் பழமொழிதானே?

ஆமாம், ரோமானிய நாடகாசிரியர் டெரன்ஸின் நாடகத்திலேயே வருகிறது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது, மிசேனம் கடற்படைத் தளபதி மூத்த பிளினி மக்களை மீட்கக் கப்பலில் போனார். சாம்பலும் கல்லும் மேலே விழ, திரும்பிவிடலாம் என்றார் மாலுமி. இதே பழமொழியைச் சொல்லி முன்னே போகச் சொன்னார் பிளினி. ஸ்டாபியே என்ற ஊரின் கரையில் இறந்தும் போனார். சகோதரி மகன் இளைய பிளினி எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. பழமொழியைச் சுவரில் மாட்டுகிறவர்கள் கதையின் இந்தப் பாதியை மாட்டுவதில்லை.

ரோமானியத் தத்துவவாதி செனகா பெரும் பணக்காரர். அவர் எளிமையைப் போதிக்கலாமா?

அவர் காலத்திலேயே சூயிலியஸ் என்பவர் கேட்டுவிட்டார்: நான்கே ஆண்டுகளில் 30 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) சேர்க்க எந்தத் தத்துவம் கற்றுக்கொடுத்தது? நியாயமான கேள்விதான். ஆனால் விழுவது எப்படியிருக்கும் என்று செனகாவுக்குத் தெரியும். கி.பி. 41இல் பேரரசர் கிளாடியஸ் அவரைக் கோர்சிகா தீவுக்குத் துரத்தினார், எட்டு வருஷம். அங்கிருந்து தாய் ஹெல்வியாவுக்கு ஆறுதல் எழுதினார்: அதிர்ஷ்டம் தந்த பணம், பதவி எல்லாவற்றையும், அது திரும்ப எடுத்தாலும் தன்னை அசைக்காத தூரத்தில்தான் வைத்திருந்தாராம்.

படிக்கக் கம்பீரம். அதே தீவிலிருந்து கிளாடியஸின் செயலாளர் பாலிபியஸுக்கும் ஓர் ஆறுதல் கடிதம் போகிறது. அதில் அரசருக்கு அடித்திருக்கும் ஜால்ராவைப் பார்த்தால் நமக்கே கூச்சமாக இருக்கும். எனக்கு இரண்டு கடிதமும் வேண்டும். மனுஷன் எப்படிப்பட்டவன் என்று இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் தெரிகிறது. கி.பி. 65இல் பேரரசர் நீரோ சாகச் சொன்னபோது கலங்காமல் இறந்தார் என்கிறார் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ்.

அவர் சொன்ன பயிற்சி ஏதாவது, ஐயா?

அவருடைய கடிதத் தொகுப்பில் 18ஆம் கடிதம். சில நாள் மட்டமான சாப்பாடு, முரட்டுத் துணி, "இதற்கா பயந்தேன்?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மாதக் கடைசியில் நிஜமாகவே திண்டாடுகிறவருக்கு இந்தப் பயிற்சி தேவையில்லை.

அதிர்ஷ்டத்தை ரோமானியர்கள் கும்பிடவும் செய்தார்களா?

கும்பிட்டார்கள். பிரனெஸ்டே என்ற ஊரில் அதிர்ஷ்ட தேவதை ஃபார்ச்சூனாவுக்குப் பெரிய கோயில். நம் ஊரில் பூக்கட்டிப் பார்ப்பதுபோல, அங்கே ஒரு சிறுவன் மரச்சீட்டு எடுத்துக் கொடுப்பான். ரோமானியப் பேச்சாளர் சிசரோ அதைக் கிண்டல் செய்திருக்கிறார்.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

செனகாவின் கடிதங்கள், 124 இருக்கின்றன. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ரோமானியப் பேரரசர் மார்கஸ் அரேலியஸ் பிறகு. தனக்காகக் கிரேக்கத்தில் எழுதிவைத்த குறிப்புகள் அவை; முன்பின் தெரியாமல் நுழைந்தால் சலித்துவிடும்.