பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஃபுகோய்டன் போன்ற மாத்திரைகள் உண்மையில் பலன் தருமா?

கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். என் பதில்: மாத்திரை விளம்பரங்கள் கொண்டாடும் பொருள்களுக்குச் சான்று குறைவு. அவை அதிகம் பேசாத ஆல்ஜினேட்தான் ஏற்கெனவே மருந்தாக வேலை செய்துகொண்டிருக்கிறது.

ஆல்ஜினேட் பாசியின் செல்சுவரில் உள்ள கூட்டுச்சர்க்கரை. 1880களில் ஸ்டான்ஃபோர்ட் என்ற பிரிட்டிஷ் வேதியியலர் பிரித்தெடுத்தது. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் சில திரவ மருந்துகளில் இது உண்டு. வயிற்று அமிலம் பட்டதும் கூழாகிவிடும். கூடவே சேர்த்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்து கிளம்பும் வாயு அந்தக் கூழுக்குள் சிக்கிக்கொள்ளும். அதனால் அது உணவின் மேல் தெப்பம்போல் மிதந்து, அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறாமல் தடுக்கிறது. நீர் கசியும் புண்களுக்குக் கால்சியம் ஆல்ஜினேட் கட்டு போடுவார்கள். கட்டிலுள்ள கால்சியமும் புண்ணின் நீரிலுள்ள சோடியமும் இடம் மாற, நார் கூழாகிக் கசிவை இழுத்துக்கொள்ளும். கட்டைப் பிரிக்கும்போது புண்ணோடு ஒட்டிக்கொண்டு வலிக்காது. எனக்கு மிகவும் பிடித்த வேதியியல் இது.

ஃபுகோய்டனை 1913-இல் ஸ்வீடனின் கைலின் கண்டறிந்தார். சல்ஃபேட் ஏறிய சர்க்கரைச் சங்கிலி. ஆய்வகத்தில் வளர்த்த புற்று செல்களை அழித்திருக்கிறது, அழற்சியைத் தணித்திருக்கிறது. ரத்த உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைப்போல ரத்தம் உறைவதையும் தள்ளிப்போடுகிறது. ஆனால் மூலக்கூறு மிகப் பெரியது. விழுங்கினால் ரத்தத்துக்குப் போய்ச் சேருவது சொற்பம். எந்த இனம், எந்தப் பருவத்தில் அறுத்தது, எப்படிப் பிரித்தது என்பதைப் பொறுத்து அதன் அமைப்பே மாறும் என்பதால், ஒரு ஃபுகோய்டனில் கண்ட பலனை இன்னொன்றின் டப்பாவில் அச்சிடுவது நியாயமில்லை. புற்றுநோய் சிகிச்சையை நிறுத்திவிட்டு இதை நம்புகிறவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

பாசிக்குப் பழுப்பு நிறம் தருவது ஃபுகோசாந்தின். எலிகளின் வெள்ளைக் கொழுப்பில், சக்தியை வெப்பமாக எரிக்கும் ஒரு புரதத்தை இது தூண்டியதாக 2005-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். 'எடை குறையும்' என்ற பேச்சுக்குப் பெரிய ஆதாரம் அதுதான். மனிதர்களிடம் நடந்தவை சிறிய ஆய்வுகளே. பழுப்புப் பாசியிலுள்ள ஃபீனால் வகைப் பொருள்களான ஃப்ளோரோடானின்களின் கதையும் ஏறக்குறைய இதுவே.

ஆய்வகத்திலிருந்து மருந்துக்கடை வரை வந்த ஓர் உதாரணமும் உண்டு. பழுப்புப் பாசியிலிருந்து செய்த ஜிவி-971 என்ற மருந்துக்கு, அல்சைமர் நோய்க்காக 2019-இல் சீனா நிபந்தனையுடன் அனுமதி தந்தது. பல நாடுகளில் நடந்த அதன் பெரிய சோதனை 2022-இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது.

முழுப்பாசிப் பொடியானால் அயோடினைக் கவனியுங்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும். ஜப்பானியர் சமையலில் சேர்க்கும் 'கொம்பு' (kombu) என்ற பாசியை உலர்த்தினால் ஒரே கிராமில் அதைப்போலப் பத்து மடங்குகூட இருக்கலாம். அயோடின் மிகுந்தால் தைராய்டு சுரப்பு கூடவும் செய்யும், குறையவும் செய்யும். ஹிஜிகி என்ற வகையில் கனிம ஆர்சனிக் அதிகம் என்பதால் அதைச் சாப்பிடவே வேண்டாம் என்கிறது பிரிட்டனின் உணவுத் தர முகமை.

தைராய்டு மாத்திரையோ ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரினோ எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்களும் டப்பாவை மருத்துவரிடம் காட்டாமல் ஒரு மாத்திரைகூட விழுங்க வேண்டாம்.