மூடுபனியில் விழுந்த ஹெலிகாப்டர்: கம்பெனி நீட்டும் தாளில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: வயலுக்கு மருந்து தெளிக்கும் ஹெலிகாப்டர் கம்பெனியில் என் தம்பி ஹெல்பராக இருந்தான். மருந்து கலந்து டேங்கில் ஏற்றுவது அவன் வேலை. சம்பளம் 24,000 ரூபாய். 2025 ஜனவரியில் வட மாநிலம் ஒன்றில், அடுத்த வயலுக்கு அவனையும் ஏற்றிக்கொண்டு தாழ்வாகப் பறந்த ஹெலிகாப்டர் மூடுபனியில் மின்கம்பியில் மோதி விழுந்தது. தம்பி இறந்துவிட்டான்; வயது 30. "அனுமதி இல்லாமல் ஏறினான்" என்கிறது கம்பெனி. 5 லட்சம் தருகிறோம், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் விசாரணை அறிக்கை வரும்வரை காத்திருங்கள் என்கிறார்கள். என்ன செய்வது?
- வாசகர், புது வண்ணாரப்பேட்டை

பதில்: கையெழுத்துப் போடவே போடாதீர்கள். விபத்து நடந்தது புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்த 21-11-2025-க்கு முன்பு என்பதால், உங்களுக்குப் பொருந்துவது 1923-ம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம். அதன் 8-வது பிரிவுப்படி மரண இழப்பீட்டை, இந்தக் கோரிக்கைகளை விசாரிக்கும் தொழிலாளர் துறை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்தால், மூன்று மாதச் சம்பளம் வரையிலான முன்பணம் தவிர, அது இழப்பீடாகக் கணக்கில் சேராது. உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் 17-வது பிரிவுப்படி செல்லாது. ஆனாலும் கையெழுத்திட்ட தாள் ஒன்று எதிர்த்தரப்பிடம் இருந்தால் வழக்கு வீணாக இழுபடும்.

அவர்கள் சொல்லும் 5 லட்சம் எவ்வளவு குறைவு என்று பாருங்கள். சட்டம் ஏற்கும் மாதச் சம்பள உச்சவரம்பு 15,000. அதில் பாதி 7,500. 30 வயதுக்குச் சட்டம் தரும் பெருக்கும் எண் 207.98. பெருக்கினால் 15,59,850 ரூபாய். அதோடு ஈமச்செலவு 5,000, விபத்து நாளிலிருந்து ஆண்டுக்கு 12% வட்டி. காரணமில்லாமல் தாமதித்தால் 50% வரை அபராதம் உண்டு. அதை இன்சூரன்ஸ் கம்பெனி அல்ல, முதலாளியே கட்ட வேண்டும். சம்பளம் தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் வரம்பு 21,000-ஐத் தாண்டியதால், அது இந்தக் கோரிக்கைக்குக் குறுக்கே வராது.

"அனுமதி இல்லாமல் ஏறினான்" என்ற வாதம் மரண வழக்கில் பெரிதாக எடுபடாது. வேண்டுமென்றே உத்தரவை மீறினார் என்பதைக் காட்டித் தப்பிக்கும் விதிவிலக்கு, மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் பொருந்தாது. வேலையின் போக்கில் நடந்த விபத்து என்பதை மட்டும் நீங்கள் காட்ட வேண்டும். அடுத்த வயலில் டேங்க் நிரப்ப ஆள் வேண்டும் என்பதால்தான் ஏற்றினார்கள் என்று சொல்லும் வாட்ஸ்அப் செய்தி, அன்றைய வேலைப் பட்டியல், சக ஊழியர் சாட்சியம் எதுவாக இருந்தாலும் இப்போதே பத்திரப்படுத்துங்கள். தம்பியின் போனை ரீசெட் செய்துவிடாதீர்கள்.

விசாரணை அறிக்கைக்காகக் காத்திருக்கச் சொல்வதுதான் இதில் ஆபத்தான யோசனை. விமான விபத்து விசாரணையின் நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பது. யார் பணம் கட்ட வேண்டும் என்று அது சொல்லாது. இழப்பீட்டுச் சட்டத்தில் விமானியின் தவறை நீங்கள் நிரூபிக்கவே தேவையில்லை. கோருவதற்கான கெடுவோ மரணத்திலிருந்து 2 ஆண்டுதான்.

மூடுபனி முக்கியமாவது, ஆணையரிடம் போவதற்குப் பதிலாக நீதிமன்றத்தில் சிவில் வழக்குப் போட்டால்தான். தாழப் பறக்கும்போது கம்பம் கண்ணில் படும், கம்பி படாது. சாம்பல் நிறப் பனியில் சுத்தமாகத் தெரியாது. அப்படியிருந்தும் ஏன் கிளம்பினார்கள், கம்பிகள் போகும் வழியை முன்கூட்டியே பார்த்துக் குறித்தார்களா என்று கேட்கலாம். ஜெயித்தால் முழுச் சம்பளத்தை வைத்துக் கூடுதல் தொகை கிடைக்கலாம். ஆனால் அலட்சியத்தை நிரூபிக்க வேண்டும், ஆண்டுகள் ஓடும், அதற்கும் 2 ஆண்டுக் கெடுதான். சிவில் வழக்கு, ஆணையர் மனு இரண்டில் ஒன்றைப் போட்டால் மற்றது அடைபடும் என்கிறது இழப்பீட்டுச் சட்டத்தின் 3(5) பிரிவு. கைக்குழந்தையோ வயதான தாயோ இருக்கும் வீட்டுக்கு ஆணையர் வழியையே சொல்வேன். மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகாதீர்கள். ஹெலிகாப்டர் சாலையில் ஓடும் வாகனம் அல்ல.

அண்ணன் என்ற முறையில் நீங்கள் மனு போட முடியாது. தம்பி மனைவி, மைனர் பிள்ளைகள், விதவைத் தாய் ஆகியோர் போடலாம். அவர்கள் குடியிருப்பது சென்னை என்பதால் இங்குள்ள தொழிலாளர் துணை ஆணையரிடமே படிவம் 'ஜி'யில் தாக்கல் செய்யலாம். விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டாம். எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, சம்பளம் வந்த வங்கிக் கணக்கு அறிக்கை, வயதுச் சான்று, வாரிசுச் சான்றிதழ் வேண்டும். இறப்புச் சான்றிதழ் இறந்த ஊரில்தான் கிடைக்கும். கான்டிராக்டர் மூலம் வேலைக்குப் போயிருந்தால் அவரையும் ஹெலிகாப்டர் கம்பெனியையும் சேர்த்தே எதிர்த்தரப்பாக்குங்கள்.

பி.எஃப். பிடித்திருந்தால், அதோடு சேர்ந்த உயிர்க் காப்பீடான இ.டி.எல்.ஐ.யில் 7 லட்சம் வரை தனியாகக் கிடைக்கும். படிவம் 5 ஐ.எஃப்.-ஐ நிரப்பி நாமினி கையெழுத்தோடு பி.எஃப். அலுவலகத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். அதை இழப்பீட்டில் கழிக்க கம்பெனிக்கு உரிமை இல்லை.