விமானத் தூரமும் பயண நேரமும்: திருமலை வாசகர் கேள்வி-பதில்

கட்டுநாயக்கவுக்கும் (கொழும்பு விமான நிலையம்) ரொறன்ரோவுக்கும் உள்ள தூரத்தை எக்செலில் போட்டால் 4,058 கிலோமீற்றர் வருகிறது. எங்கே பிழை? (உவர்மலை)

கழித்தல் குறியில். கட்டுநாயக்க 79.88 பாகை கிழக்கில் இருக்கிறது, ரொறன்ரோ விமான நிலையம் 79.63 பாகை மேற்கில். மேற்கு நெடுங்கோட்டை −79.63 என்றுதான் கொடுக்க வேண்டும். குறியை விட்டதால் உங்கள் ரொறன்ரோ கஸக்ஸ்தானின் தென்கிழக்கு மூலையில் போய் இறங்கிவிட்டது! குறியைப் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 14,000 வரும்.

இதே கணக்கில் இன்னும் இரண்டு குழிகள் உண்டு. சீனக்குடா (திருமலை விமான நிலையம்) 8 பாகை 32 கலை வடக்கு; 60 கலை ஒரு பாகை. அதை 8.32 என்று அடிக்கக்கூடாது. 32ஐ 60ஆல் வகுத்தால் 0.53, ஆகவே 8.53. தவறாக அடித்தால் ஓடுபாதை 24 கிலோமீற்றர் தெற்கே நகர்ந்துவிடும். மற்றது, எக்செலின் சைன், கோசைன் எல்லாம் பாகையை ஏற்காது. 3.1416ஆல் பெருக்கி 180ஆல் வகுத்து ஆரையனாக்கிவிட்டுக் (radian, கோணத்தின் இன்னோர் அலகு) கொடுங்கள். பூமியின் ஆரை 6,371 கிலோமீற்றர். பூமி சரியான உருண்டை இல்லை என்பதால் வரும் வித்தியாசம் நூற்றுக்கு அரைக்கு மேல் போகாது. ரிக்கெட் போடுகிறவர் அதற்குக் கவலைப்படத் தேவையில்லை.

டுபாய் வழியாகப் போனால் வீண் சுற்றா? (நிலாவெளி)

தட்டை வரைபடத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பூகோள உருண்டையில் நூலைப் பிடித்துப் பாருங்கள். கொழும்பு–ரொறன்ரோ நேர்க்கோடு 72 பாகை வடக்கு வரை ஏறி, ஆர்க்டிக் பக்கமாக இறங்குகிறது. டுபாய் அந்தக் கோட்டிலிருந்து அவ்வளவு விலகி இல்லை. கட்டுநாயக்க–டுபாய் சுமார் 3,290, அங்கிருந்து ரொறன்ரோ 11,080, கூட்டினால் 14,370. நேரே போவதைவிட 370 கிலோமீற்றர்தான் கூட, அரை மணித்தியாலப் பறப்புக்கும் குறைவு. உங்கள் நேரத்தைத் தின்பது டுபாயில் காத்திருப்பதுதான்.

லண்டன் போக எவ்வளவு நேரம்? ரிக்கெட்டில் பகல் 1 மணிக்குப் புறப்பட்டு இரவு 7க்கு இறங்குவதாக இருக்கிறதே? (கிண்ணியா)

ரிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால், ஆகவே பயணம் பதினொன்றரை. கோடையில் வித்தியாசம் நாலரைதான். நீங்களே மதிப்பிட: தூரத்தை 850ஆல் (ஜெட் விமானம் மணிக்குப் பறக்கும் கிலோமீற்றர்) வகுத்து, ஓடுபாதைக்கும் ஏறி இறங்குவதற்கும் 40 நிமிடம் சேருங்கள். 8,715 கிலோமீற்றருக்குப் பதினொரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். மேற்கே போகும்போது உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று எதிரே வருவதால் இன்னும் கொஞ்சம் கூடும். திரும்பி வரும்போது அதே காற்று தள்ளிவிடும். போர் நடக்கும் வான்பரப்பைச் சுற்றினால் இந்தக் கணக்கு நிற்காது.

பலாலி (யாழ்ப்பாண விமான நிலையம்)–சென்னை 356 கிலோமீற்றர்தானே, ஏன் ஒரு மணித்தியாலத்துக்கு மேல்? (மூதூர்)

அங்கு ஓடுவது ஏரிஆர் 72 (ATR 72), ஜெட் அல்ல, விசிறி விமானம். முழு வேகமே மணிக்கு 500 அளவில்தான், அந்த வேகத்திலும் சிறிது நேரமே பறக்கும். இதற்கு 850 சூத்திரம் பொருந்தாது.

திருமலையிலிருந்து கட்டுநாயக்க? (தம்பலகாமம்)

சீனக்குடாவிலிருந்து வான்வழியே 208 கிலோமீற்றர். வீதியால் வாகனத்தில் போகிறவர்கள் அந்த எண்ணை மறந்துவிட்டு, வீதித் தூரத்தையும் விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்பே அங்கு நிற்க வேண்டியதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.