தொடர் குற்ற வழக்குகளில் கிரிமினல் ப்ரொஃபைலிங் உண்மையில் எப்படி உதவுகிறது?

குற்றம் நடந்த இடத்தையும் விதத்தையும் வைத்துக் குற்றவாளி எப்படிப்பட்டவன் என்று ஊகிப்பதுதான் ப்ரொஃபைலிங். சந்தேகப் பட்டியல் நீளமாக இருக்கும்போது யாரை முதலில் விசாரிக்கலாம் என்று காட்டும். என்னைப் பொறுத்தவரை இதுதான் அதன் பெரிய பயன். லண்டனின் ஜான் டஃபி வழக்கைப் படித்தால் இது நன்றாகப் புரியும்.

1982 முதல் அங்கே ரயில் நிலையங்களை ஒட்டிப் பெண்கள் தொடர்ந்து பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 1985 டிசம்பரில் முதல் கொலை விழுந்தது. போலீஸ் கையில் இருந்த பட்டியலில் 1,999 பேர். டஃபி 1,505ஆவது ஆள்!

1986-ல் சர்ரே பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் டேவிட் கேன்டரின் உதவியை நாடினார்கள். கட்டடங்களும் இடங்களும் மனிதர்களின் நடத்தையை எப்படிப் பாதிக்கின்றன என்று ஆராய்ந்து வந்தவர் அவர். தாக்குதல் நடந்த இடங்களை ஆண்டுவாரியாக வரைபடத்தில் குறித்துப் பார்த்தார். ஆரம்பச் சம்பவங்கள் வடமேற்கு லண்டனில் கில்பர்னைச் சுற்றியே இருந்தன. போகப் போகத்தான் தூரம் கூடியது. முதன்முதலில் துணிகிறவன் பழகிய தெருக்களை விட்டு அதிக தூரம் போகமாட்டான், ஆகவே வீடு அந்தப் பக்கம்தான் என்று கணித்தார். ரயில் பாதைகள் அத்துப்படி, கல்யாணமானவன், குழந்தை இல்லை, மனைவியோடு தகராறு என்று மொத்தம் 17 குறிப்புகள் கொடுத்தார். பெரும்பாலானவை பொருந்தின. டஃபி கில்பர்ன்வாசி, பிரிட்டிஷ் ரயிலில் தச்சு வேலை பார்த்தவன்.

சரி, அவனுக்குத் தண்டனை வாங்கித் தந்தது ப்ரொஃபைலா? இல்லை. அவனுடைய பெற்றோர் வீட்டில் கிடைத்த வித்தியாசமான கயிறு, கொலையுண்ட பெண்ணைக் கட்டிய கயிற்றோடு ஒத்துப்போனது. கொலையுண்ட இன்னொரு பெண்ணின் உடையில் இருந்த துணி இழைகளும் அவன் உடையோடு பொருந்தின. 1988-ல் நீதிமன்றத்தில் நின்றவை இந்தத் தடயங்கள்தான். கூட்டாளி டேவிட் மல்கஹி 2001-ல்தான் தண்டனை பெற்றான்.

ப்ரொஃபைல் வேறு, தடயம் வேறு என்ற இந்த வித்தியாசத்தை மறந்ததால், லண்டனில் விம்பிள்டன் காமன் என்ற பொதுவெளியில் நடந்த கொலை வழக்கில் நடந்தது கொடுமை. 1992-ல் அங்கே ஓர் இளம் தாய் தன் சின்ன மகனின் கண்ணெதிரே குத்திக் கொல்லப்பட்டார். ப்ரொஃபைலுக்குப் பொருந்துகிறார் என்று ஒருவரையே போலீஸ் துரத்தியது. ஒரு பெண் அதிகாரியைக் காதலிபோல் பழகவிட்டு, வாயைக் கிளறி ஒப்புதல் வாங்கப் பார்த்தது. அந்தச் சாட்சியத்தை 1994-ல் நீதிபதி ஏற்க மறுத்ததும் வழக்கு விழுந்தது. அந்த மனிதர் நிரபராதி. உண்மையான கொலையாளி ராபர்ட் நாப்பர், தென்கிழக்கு லண்டனில் ஏற்கெனவே தொடர் பாலியல் தாக்குதல்கள் நடத்தியவன். போலீஸ் தவறான ஆளையே கட்டிக்கொண்டு நின்றபோது, 1993 நவம்பரில் இன்னொரு தாயையும் அவருடைய 4 வயது மகளையும் கொன்றான். டிஎன்ஏ அவனைக் காட்டிக்கொடுத்த பிறகு, 2008-ல்தான் விம்பிள்டன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். அந்தத் தாயையும் மகளையும் நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.