அண்டாவை எட்டிப் பாருங்கள்: பள்ளிச் சாப்பாடு, மாத்திரை, ஊசி பற்றிப் பெற்றோர் கேட்டவை

தேவிபட்டினத்திலிருந்து மூக்கையூர் வரை கடலோரப் பள்ளிகளுக்கு மருத்துவக் குழுவோடு போய்வந்த வருடங்களில், பிள்ளைகளைவிட அவர்களுடைய அம்மாக்களிடம்தான் அதிகம் பேசியிருக்கிறேன். கேள்வியோடு கோபமும் சேர்ந்தே வரும். அதில் பெரும்பாலும் நியாயம் இருக்கும். ஆனால் பலர் அந்தக் கோபத்தைப் பள்ளி வாசலிலேயே கொட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உள்ளே போய்ச் சத்துணவுக் கூடத்து அண்டாவை எட்டிப் பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. இந்த முறை வந்த கேள்விகளில் சில இங்கே.

மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். மீன் இல்லாமல் சோறு இறங்காது என்கிறான். மதியம் சாப்பிடாமலே வீட்டுக்கு வருகிறான். என்ன செய்வது? (தங்கச்சிமடம்)

பால்குடி மறந்த நாளிலிருந்து மீன் குழம்பில் வளர்ந்த பிள்ளை, சாம்பார் சாதத்தைப் பார்த்து முகம் சுளிப்பது இயல்பு. தினமும் நூறு பேருக்கு முள் எடுத்து மீன் சமைத்துப் போடுவது பள்ளியில் நடக்காது. அதற்கு ஈடாக இருப்பது முட்டை. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கியது, 2010இல் வாரம் ஐந்தாக வளர்ந்தது. அந்த ஐந்து முட்டையை அவன் விடக் கூடாது.

“சாப்பிட்டாயா?” என்று கேட்பதை நிறுத்திவிட்டு, “இன்றைக்கு என்ன போட்டார்கள்?” என்று ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள். எல்லா நாளும் அவன் ஒதுக்குவதில்லை என்பது தெரியும். தக்காளி சாதமும் மிளகு முட்டையும் உள்ள நாளில் சாப்பிடுகிற பிள்ளைகள், புளியோதரை நாளில் தட்டைத் தள்ளுவார்கள். அந்த ஒன்றிரண்டு நாளுக்கு மட்டும், ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, ஒரு சின்ன டப்பாவில் வறுத்த நெத்திலி கொடுத்து அனுப்புங்கள். முள்ளோடு தின்னும் மீன் என்பதால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். அப்புறம், மதியம் சாப்பிடவில்லை என்று இரக்கப்பட்டுப் பெட்டிக்கடைக்குக் காசு கொடுக்காதீர்கள். பதினொரு மணிக்குப் பாக்கெட் நொறுக்குத்தீனி உள்ளே போனால் பன்னிரண்டரைக்கு எந்தச் சோறும் இறங்காது.

அரிசியைக் கழுவும்போது சில மணிகள் மிதக்கின்றன. பிளாஸ்டிக் அரிசி என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. (கீழக்கரை)

பிளாஸ்டிக் இல்லை. அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 மூன்றையும் கலந்து, இயந்திரத்தில் அரிசி வடிவத்திலேயே பிழிந்து எடுக்கிறார்கள். நூறு கிலோ சாதாரண அரிசிக்கு அது ஒரு கிலோ. மாவில் செய்தது என்பதால் எடை குறைவாக இருக்கும், நிறமும் கொஞ்சம் மாறும், அதனால்தான் மிதக்கிறது. ரேஷன் அரிசியிலும் இதைக் கலந்து கொடுத்திருக்கிறார்கள். நாலு மணிகளைத் தனியாக வேகவைத்து விரலால் நசுக்கிப் பாருங்கள், மாவாகக் குழையும். பொறுக்கி எறிந்தால் சத்தைத்தான் எறிகிறீர்கள்.

பிள்ளைக்குத் தலசீமியா போன்ற ரத்த நோய் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, பள்ளியிலும் சொல்லிவையுங்கள். மற்றபடி, உங்கள் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். முதல் மூட்டை வந்த அன்றே பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு கைப்பிடி அள்ளிக் காட்டியிருந்தால் அந்த வீடியோவை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

பூச்சி மாத்திரை கொடுத்த அன்று மகள் வாந்தி எடுத்தாள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. இனிமேல் கொடுக்கவிட மாட்டேன். (பாம்பன்)

என் தவறு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கடற்கரைப் பள்ளியில், வீடுகளுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லாமல், பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி இந்த மாத்திரையைக் கொடுத்தேன். நாலு பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். அரை மணி நேரத்தில் ஊரே பள்ளிக்கு வந்துவிட்டது. மாத்திரை நல்லதா கெட்டதா என்று யாரும் கேட்கவில்லை. “எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?” என்று ஒரு பாட்டி கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு முந்தின நாளே சொல்லாமல் நான் கொடுத்ததில்லை. உங்களுக்கும் சொல்லியிருக்க வேண்டும்.

மாத்திரையின் பெயர் அல்பெண்டசோல், 400 மில்லிகிராம். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுப்பார்கள், மென்று தின்ன வேண்டும். வயிற்றில் புழு அதிகமாக இருக்கும் பிள்ளைக்குத்தான் அவை சாகும்போது குமட்டல், வாந்தி, வயிற்றுவலி வரும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். ஆகவே வாந்தி எடுத்த உங்கள் மகளுக்கு இந்த மாத்திரை மற்றவர்களைவிட அதிகமாகத் தேவைப்பட்டிருக்கலாம்.

நம் பக்கத்தில் இது ஏன் முக்கியம் என்றால், கொக்கிப்புழு பெரும்பாலும் வாய் வழியாக வருவதில்லை. வெறுங்கால் தோலைத் துளைத்துக்கொண்டு ஏறுகிறது. வீட்டுக்குப் பின்னால் கருவேலங்காட்டு மணலில் ஒதுங்குகிற வழக்கம் இருக்கும் ஊரில், அதே மணலில் பிள்ளைகள் செருப்பில்லாமல் ஓடி விளையாடுகிறார்கள். உள்ளே போன புழு குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிறது. பள்ளியில் போடுகிற முட்டையும் நீங்கள் வாங்கிக் கொடுக்கிற மீனும் அதற்கே போகின்றன.

அடுத்த முறை காலையில் சாப்பிட வைத்து அனுப்புங்கள். காய்ச்சல் இருந்தால், வேறு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள், அன்று கொடுக்க மாட்டார்கள். அப்புறம், ஒரு ஜோடி செருப்பு.

எட்டாம் வகுப்பு மகள் வாராவாரம் தருகிற நீல மாத்திரையைச் சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகிறது என்று தூக்கிப் போட்டுவிடுகிறாள். (தொண்டி)

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகத்தான் போகும். அதை அவளிடம் முன்பே சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டாள். மாதவிலக்கு தொடங்கிய பெண்பிள்ளைக்கு இது அவசியம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிட்டால் வயிற்றைப் புரட்டாது. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் டீ குடிக்கக் கூடாது, குடித்தால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. தங்கை இருந்தால் அவளுக்குத் தருவது இளஞ்சிவப்பு மாத்திரை, 5 முதல் 9 வயதுக்கானது. இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஊசிக்குக் கையெழுத்துப் போடச் சொல்லித் தாள் வந்திருக்கிறது. போடாவிட்டால் டி.சி. கொடுத்துவிடுவார்களா? (வாலிநோக்கம்)

கொடுக்க முடியாது. எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. யாராவது அப்படி மிரட்டினால் எழுத்தில் கேளுங்கள்.

சரி, கையெழுத்துப் போடலாமா? போடுங்கள். 10 வயதிலும் 16 வயதிலும் போடுவது ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்குமான ஊசி. கரையில் துருப்பிடித்த நங்கூரம், தூண்டில் முள், வலையோடு வருகிற சிப்பி ஓடு, இவற்றுக்கு நடுவில்தான் நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். உள்ளங்கையில் தூண்டில் முள் ஏறிய பையனுக்கு மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு, மூன்றாம் நாள் என்னிடம் கூட்டி வந்தார்கள். பள்ளியில் ஊசி போட்டிருந்தான் என்பது அட்டையில் இருந்தது. அந்த அட்டையைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போட்டபோது ஊசியைப் பற்றிய பயம் வாட்ஸ்அப்பில் பரவியது. நான் போன பள்ளிகளில் அன்று பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டவர்கள் பலர். சந்தேகம் இருந்தால் சுகாதார உதவி எண் 104க்குப் போன் செய்து கேளுங்கள், இல்லையென்றால் ஊசி போடும் நர்ஸிடம் நேரில் கேளுங்கள். கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

நோன்பு வைத்திருக்கிற நாளில் மாத்திரை கொடுத்தால்? (பெரியபட்டினம்)

ஆசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பூச்சி மாத்திரைக்கு, விடுபட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு வாரம் கழித்து இன்னொரு நாள் உண்டு. அதற்குள் நோன்பு முடியாது என்றால் சுகாதார நிலையத்தில் பிறகு கேட்டு வாங்கலாம். இரும்பு மாத்திரையை நோன்பு திறந்து சாப்பிட்ட பிறகு போடலாம்.

மே மாதம் தடைக்காலம். கையில் காசில்லை, பள்ளிச் சாப்பாடும் இல்லை. (மண்டபம்)

இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. கோடை விடுமுறையும் அதற்குள்தான் வருகிறது. வீட்டில் வருமானம் நிற்கிற அதே வாரங்களில் மதியச் சோறும் நிற்கிறது. ஜூனில் பள்ளி திறந்ததும் எடை பார்த்தால் கரையோரப் பிள்ளைகளிடம் அது தெரியும். கடலோர மாவட்டங்களில் தடைக்கால விடுமுறையிலும் சத்துணவுக் கூடம் திறந்திருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. நீங்களும் கிராம சபையில் கேளுங்கள்.

அதுவரை, நாட்டுப்படகில் வருகிற சூடையும் சாளையும்தான் மலிவான நல்ல சத்து. பெரிய மீனுக்காகக் காத்திருக்க வேண்டாம். ரேஷன் துவரம்பருப்பை விற்றுவிடாதீர்கள். ஒரு கை வறுத்த கடலையும் ஒரு துண்டு கருப்பட்டியும் மாலையில் கொடுங்கள்.

கேஸ் தீர்ந்துவிட்டது என்று இரண்டு நாள் சமைக்கவில்லை. கேட்டால் பதில் இல்லை. (ஏர்வாடி)

2015ஆம் ஆண்டின் மதிய உணவு விதிகளின்படி, பள்ளி நடக்கிற நாளில் சாப்பாடு போடவில்லை என்றால் அதற்கு ஈடான தானியமும் சமையல் செலவுப் பணமும் பிள்ளைக்குச் சேர வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் நின்றால் யார் பொறுப்பு என்று அரசு முடிவு செய்ய வேண்டும். தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். பள்ளிக் கல்வி உதவி எண் 14417க்கும் சொல்லுங்கள்.

சமைக்கிற அம்மாவை மாற்றச் சொல்லி எங்கள் தெருவில் பேசுகிறார்கள். காரணம் உங்களுக்கே புரியும். (ஊர் வேண்டாம்)

புரிகிறது. சமைப்பவரின் சாதியைச் சொல்லிப் பிள்ளையைச் சாப்பிட விடாமல் தடுப்பது தீண்டாமை, சட்டப்படி குற்றம். அந்தப் பேச்சில் நீங்கள் சேராதீர்கள். உங்கள் பிள்ளையை முதல் வரிசையில் உட்கார வையுங்கள்.

சாம்பாரில் பருப்பு வேகவே இல்லை, கல்லு மாதிரி கிடக்கிறது. சமையல் அம்மாவைத் திட்டிவிட்டு வந்தேன். (முந்தல்)

திட்டுவதற்கு முன் எந்தத் தண்ணீரில் சமைக்கிறார் என்று பார்த்தீர்களா? நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரும் போர்த் தண்ணீரும் உப்பு. அதிலுள்ள சுண்ணாம்பு பருப்பிலுள்ள பெக்டின் என்ற பசைப்பொருளோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். எவ்வளவு விறகு எரித்தாலும் கேஸ் எரித்தாலும் குழையாது. வீட்டில், குழாயில் வருகிற காவிரித் தண்ணீரில் உங்களுக்கு அரை மணியில் வேகிற பருப்பு, பள்ளியில் ஒன்றரை மணி நேரமானாலும் வேகாமல் போவது அதனால்தான். அந்த அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்குப் போய் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். பத்து மணிக்குள் அண்டா அடுப்பில் ஏற வேண்டும், எத்தனை குடம் தூக்குவார்?

பருப்பை முந்தின இரவே ஊறப்போடச் சொல்லுங்கள். உப்பையும் புளியையும் பருப்பு குழைந்த பிறகு சேர்க்கட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், அதில் பாதி பெண்கள். அடுத்த கூட்டத்தில், சத்துணவுக் கூடத்துக்குத் தனிக் குழாய் வேண்டும் என்று தீர்மானம் எழுதுங்கள். பரிமாறும் முன் ஆசிரியர் ருசி பார்க்க வேண்டும் என்பது விதி, அவரோடு நீங்களும் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிடுங்கள். குழாய் வரும் வரை, காலையில் பிள்ளையைக் கொண்டுவிடப் போகும்போது ஆளுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுபோய் அந்த அம்மாவிடம் கொடுங்கள்.